மாயாவி வந்துவிட்டார்... துப்பறியும் கோவிந்தன் எப்போது வருவார்?

பிரிட்டனில் பழைய காமிக்ஸ் நாயகர்களைத் தூசு தட்டி, ஒரே கதைக்குள் சேர்த்து உலவ விடுகிறார்கள். நம் தாமிரபரணிக் கரைக்கும் அப்படி ஒரு பழைய நாயகன் உண்டு. எழுப்பத்தான் ஆளில்லை!

வலது கை இரும்பு. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் அந்தரத்தில் மிதந்து வரும். இதைப் படித்ததுமே 'அட, நம்ம மாயாவி!' என்று நீங்கள் முணுமுணுத்தால், உங்களுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

எழுபது, எண்பதுகளில் நெல்லைச் சீமையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் இரண்டு விஷயம். ஒன்று ஆற்றுக் குளியல், இன்னொன்று காமிக்ஸ். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கும் புத்தகங்களை வாங்க எல்லோரிடமும் காசு இருக்காது. வாடகைக்கு எடுப்பார்கள், இரண்டு கொடுத்து ஒன்று வாங்குவார்கள். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து அப்பாவிடம் அகப்பட்டவர்களும் ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மாயாவியோ இன்னும் ஓய்வு பெறவில்லை!

சிவகாசி வழியாக வந்த சீமைக்காரர்கள்

நெல்லையிலிருந்து வடக்கே கோவில்பட்டி, சாத்தூர் தாண்டினால் சிவகாசி. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் கொழித்த அந்த ஊரிலிருந்துதான் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. தலைப்பே 'இரும்புக்கை மாயாவி'. அதைத் தொடங்கியவர் சௌந்திரபாண்டியன். 1984 ஜூலையில் அவருடைய மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் நாயகி மாடஸ்டி பிளைசி. அதே 1984-ல் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸை ஜேம்ஸ்பாண்டுடன் களமிறக்கியது. அந்தக் குழுமத்தை நிறுவிய சி.பா.ஆதித்தனார் திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழிக்காரர். ஆக, தமிழ்க் குழந்தைகளின் காமிக்ஸ் கனவில் பெரும்பங்கு தென்பாண்டிச் சீமையிலேயே நெய்யப்பட்டது.

ஆனால், நாயகர்கள் உள்ளூர்க்காரர்கள் இல்லை. மாயாவியின் சொந்தப் பெயர் லூயிஸ் கிராண்டெல். 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்தவர். முதலில் எழுதியவர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. நம் ரசிகர்கள் செல்லமாகக் 'கூர்மண்டையர்' என்று அழைக்கும் ஸ்பைடர், 1965-ல் பிரிட்டிஷ் 'லயன்' இதழில் வந்தார். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் அவருடைய கதைகள் பலவற்றையும் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. இரும்பு மனிதன் ஆர்ச்சி இவர்களுக்கெல்லாம் மூத்தவர். அதே 'லயன்' 1952-ல் தொடங்கியபோதே அதில் இருந்தவர்.

தமிழில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1936-ல் அமெரிக்காவின் லீ ஃபாக் உருவாக்கிய ஃபேன்டம், ராணி காமிக்ஸில் 'முகமூடி வீரர் மாயாவி' ஆனார். எனவே நமக்கு இரண்டு மாயாவிகள். "எந்த மாயாவி? கை மாயாவியா, முகமூடி மாயாவியா?" என்று கேட்டுத்தான் புத்தகத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அங்கே கடை மூடியாச்சு... இங்கே கூட்டம்!

இந்த நாயகர்கள் நம்மிடம் வந்து சேர்ந்த நேரம் விசித்திரமானது. பிரிட்டனில் 'லயன்' இதழ் 1974-ல் 'வேலியன்ட்'டோடு இணைக்கப்பட்டது. 1976-ல் 'வேலியன்ட்'டும் வேறொரு இதழுக்குள் கரைந்துபோனது. அந்த ஊர்ப் பிள்ளைகள் புதுப்புது நாயகர்களைத் தேடிப் போய்விட்டார்கள். மாயாவியும் ஸ்பைடரும் பதிப்பகக் கிடங்கில் முடங்கினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இங்கே அவர்களுக்கு ராஜ மரியாதை. சாயர்புரத்திலும் சேரன்மகாதேவியிலும் ஒரு பையன் மாயாவியைப் படித்துக்கொண்டிருந்தபோது, அவரைப் பெற்ற லண்டன் அவரை மறக்கத் தொடங்கியிருந்தது. காரணம் மொழிபெயர்ப்பு. லூயிஸ் கிராண்டெல் என்ற பெயர் நம் நாவில் ஒட்டாது. 'இரும்புக்கை மாயாவி' என்றதும் ஒட்டிக்கொண்டது. மந்திரவாதிக் கதைகளையும் மாயாஜாலப் படங்களையும் பார்த்துப் பழகிய நமக்கு, 'மாயாவி' ஏற்கெனவே தெரிந்த ஆள்தானே!

முத்துவும் லயனும் இடையில் தடுமாறியதுண்டு. 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்ற பெயரிலேயே லயன் புதுப்பொலிவோடு திரும்பியது. நல்ல தாள், முழு வண்ணம், உலகத் தரத்து அச்சு. பழைய வாசகர்கள் கொண்டாடினார்கள்.

ஆனால், இப்போது புத்தகத் திருவிழாக்களில் காமிக்ஸ் அரங்குப் பக்கம் போய்ப் பாருங்கள். மாயாவி அட்டையைப் பார்த்ததும் கண் விரிவது பெரும்பாலும் நரைத்த தலைகளுக்குத்தான். கூட வந்த பிள்ளை, "இது யாருப்பா?" என்று கேட்டுவிட்டு செல்போனுக்குத் திரும்பிவிடுகிறது. அன்று காசுக்கணக்கில் இருந்த விலை, இன்று நூறு ரூபாயை ஒட்டியும் தாண்டியும் நிற்கிறது. பாக்கெட் மணியில் வாங்கும் பொருளாக இருந்தது, அப்பா தன் நினைவுக்காக வாங்கும் பொருளாகிவிட்டது.

பழைய நாயகர்களை எப்படி மீட்பது என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. மறுபதிப்பு ஒரு வழி. இன்னொரு வழியை வெளிநாடுகளில் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

சிறைக்குள் நாயகர்கள்

2005-ல் அமெரிக்காவின் டி.சி. நிறுவனத்தின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவு 'ஆல்பியன்' என்ற ஆறு இதழ்த் தொடரை வெளியிட்டது. கதைக்கரு ஆலன் மூருடையது. எழுதியவர்கள் அவர் மகள் லியா மூரும் மருமகன் ஜான் ரெப்பியனும். படங்கள் ஷேன் ஓக்லி. இந்தத் தொடரில் மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி உள்ளிட்ட பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்கள் எல்லோரும் நிஜமாகவே வாழ்ந்தவர்கள். அவர்களால் ஆபத்து என்று பயந்த அரசாங்கம், அத்தனை பேரையும் ரகசியச் சிறையில் அடைத்துவிட்டது. பழைய காமிக்ஸ் மீது பைத்தியமாக இருக்கும் ஓர் இளைஞனும், பழைய நாயகன் ஒருவரின் மகளும் அவர்களைத் தேடிப் புறப்படுகிறார்கள்.

கதைக்குப் பின்னால் உள்ள உண்மை புரிகிறது இல்லையா? கிடங்கில் பூட்டி வைக்கப்பட்ட நாயகர்கள்தான் அந்தக் கைதிகள். திறந்துவிட வருவது அடுத்த தலைமுறை.

இப்போது கிடங்கின் சாவியே கைமாறிவிட்டது. அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் கருவூலத்தை 2016-லும் 2018-லும் இரண்டு கட்டமாக ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கியது. பழைய கதைகளை அழகான தொகுப்புகளாக்கியதோடு நிற்கவில்லை. பழையவர்கள் பலரை ஒரே அணியாகச் சேர்த்து 2018-ல் 'தி விஜிலன்ட்' கொண்டுவந்தது. 2023-ல் பால் கிரிஸ்ட் எழுதிய 'ஸ்மாஷ்' தொடரில் ஸ்பைடரும் மாயாவியும் மறுபடி உலவினார்கள். அமெரிக்காவில் 2013-ல் வந்த 'கிங்ஸ் வாட்ச்' தொடர், நம் முகமூடி மாயாவியையும் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் ஃப்ளாஷ் கார்டனையும் ஒரே களத்தில் இறக்கியது.

தனித்தனிக் கதைகளின் நாயகர்கள் ஒரே கதையில் சந்தித்துக்கொள்ளும் இந்த உத்தியைத்தான் 'கிராஸ்ஓவர்' என்கிறார்கள். சினிமா உதாரணம் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். 1986-ல் கமல் நடித்த 'விக்ரம்' நினைவிருக்கிறதா? சுஜாதா எழுத, குமுதத்தில் தொடராகவும் வந்த கதை. அந்த ஏஜென்ட் விக்ரமை 36 ஆண்டுகள் கழித்து 2022-ல் லோகேஷ் கனகராஜ் எழுப்பி, தன் 'கைதி' படத்து உலகத்தோடு முடிச்சுப் போட்டார். 86-ல் பிறந்தே இருக்காத பிள்ளைகள் திரையரங்கில் விசிலடித்தார்கள். அதே லோகேஷ் தன் கனவுப் படங்களில் ஒன்றாகச் சொல்லிவரும் தலைப்பு என்ன தெரியுமா? 'இரும்புக்கை மாயாவி'!

விசிலடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் பழைய படத்தைப் பார்த்திருப்பார்கள்? பார்க்காதவர்களுக்கும் கதை புரிந்தது, பிடித்தது. அதனால்தான் அது ஓடியது. 'இவர் அவர்தானே' என்று பழைய ரசிகர் மட்டும் கண்டுபிடித்துச் சிரிக்கும் கதை, அந்த ரசிகரோடு முடிந்துபோகும்.

சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஒரு 'கிராஸ்ஓவர்'

வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். விஷயம் நெல்லைக்குப் புதிதில்லை.

பாபநாசம் மலைமேல், காரையாறு பக்கம் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே போய்த் தங்கிப் பொங்கலிடுவார்கள். அய்யனாரோடு சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், பிரம்மராட்சசி, பட்டவராயன் என்று ஒரு பெரிய கூட்டமே அங்கே குடியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனிக்கதை, தனி வில்லுப்பாட்டு. தனித்தனியே பிறந்த கதைகளின் நாயகர்கள் ஒரே வளாகத்தில், ஒரே விழாவில் எழுந்து நிற்கிறார்கள். இதைவிடப் பெரிய கிராஸ்ஓவர் எங்கே இருக்கிறது?

அவர்களில் பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன் கதை நமக்கு ஒரு பாடமும் சொல்கிறது. அந்தணர் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் சமூகத்துச் சகோதரிகளான பொம்மக்கா, திம்மக்கா மீது காதல் கொண்டு, சாதியைத் துறந்து அவர்களை மணக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு உயிர் விடுகிறான். இன்றும் அவன் சந்நிதியில் பக்தர்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள்.

இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்து ஆராய்ந்தவர், நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை. பிற்காலத்தில் பாடியவர்கள் கதையை மாற்றிவிட்டதை அவர் எடுத்துக்காட்டினார். 'அந்தப் பெண்கள் உண்மையில் அந்தணக் குழந்தைகள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள்' என்று ஒரு திருப்பத்தை நுழைத்துவிட்டார்கள். சாதி மீறிய காதலின் கூர்மை அங்கேயே மழுங்கிப்போனது.

மறுபடி சொல்லும்போது கதை மாறத்தான் செய்யும். அது நல்லதற்கா, கெட்டதற்கா என்பது சொல்பவர் கையில் இருக்கிறது. பழைய காமிக்ஸுக்கும் இது பொருந்தும். காட்டுவாசிகளை ஆள ஒரு வெள்ளைக்காரர் வேண்டும் என்ற எண்ணம் ஃபேன்டம் கதைகளின் அடியில் கிடக்கிறது. மாண்ட்ரேக்கின் தோழன் லோதார் முதலில் சிறுத்தைத் தோல் உடுத்திய ஏவலாளாகத்தான் வந்தார். காலம் மாறியபோது அவரைச் சமமான நண்பராக்க வேண்டியதாயிற்று. தாத்தா ரசித்ததை அப்படியே பேரனுக்குக் கொடுத்தால், பேரன் சில இடங்களில் முகம் சுளிப்பான். அவன் சுளிப்பது நியாயமும்கூட.

வெளியூர் நாயகனை நம்முடையவனாக்கிக்கொள்ளும் வித்தையும் நமக்குக் கைவந்ததே. அரபுக் கதையின் சிந்துபாத்தைக் கூட்டிவந்து 1960-ல் தினத்தந்தி தொடங்கிய 'கன்னித்தீவு' 20,000 பகுதிகளைத் தாண்டி ஓடுகிறது. சிந்துபாத் எந்த ஊர்க்காரர் என்று யாராவது இங்கே கேட்டிருக்கிறார்களா?

பாளையங்கோட்டையின் பிள்ளை

மாயாவியை மீட்க பிரிட்டனில் ஒரு நிறுவனம் இருக்கிறது. சிவகாசியில் அவரை வாழவைத்த பதிப்பகம் இருக்கிறது. நம் மண்ணின் நாயகன் ஒருவர் மட்டும் கேட்பாரின்றிக் கிடக்கிறார். அவர் துப்பறியும் கோவிந்தன்.

அவரைப் படைத்தவர் ஜே.ஆர்.ரங்கராஜு. பாளையங்கோட்டையில் பிறந்தவர். 1908-ல் வெளிவந்த அவருடைய 'ராஜாம்பாள்' நாவல், அந்தக் காலத்தில் பதிப்பு மேல் பதிப்பு கண்டது. காதலியைக் கொன்றதாகப் பழி சுமந்து நிற்கும் இளைஞன், அந்தப் பழியின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும் கோவிந்தன் என்று விறுவிறுப்பான கதை. அடுத்து வந்த 'சந்திரகாந்தா' மடாதிபதிகளின் லீலைகளைத் தோலுரித்தது. 'மோகனசுந்தரம்', 'ஆனந்தகிருஷ்ணன்' என்று வரிசை தொடர்ந்தது. 'ராஜாம்பாள்' 1935-லும் 1951-லும் சினிமாவானது. பிற்காலத்தில் நாடகக் காவலர் என்று புகழ்பெற்ற ஆர்.எஸ்.மனோகர் சினிமாவுக்கு அறிமுகமானது அந்த இரண்டாவது 'ராஜாம்பாள்' வழியாகத்தான்.

கோவிந்தன் தனி ஆளும் இல்லை. அதே காலத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரின் துப்பறிவாளர் ஆனந்தசிங் இருந்தார். மன்னார்குடிப் பக்கத்து வடுவூரிலிருந்து வந்த துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் இருந்தார். 1950-ல் வந்த 'திகம்பர சாமியார்' படத்தில் அந்த வேடத்தைப் போட்டவர் யார் தெரியுமா? வில்லனாகவே நமக்குப் பழகிய எம்.என்.நம்பியார். விதவிதமான மாறுவேடங்களில் வந்து அசத்தியிருப்பார்.

பாட்டிமார்கள் அரிக்கேன் விளக்கில் படித்த நாயகர்கள் இவர்கள். ஒருவர் படிக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. பின்னால் வந்த சங்கர்லால், கணேஷ் - வசந்த், பரத் - சுசீலா, நரேந்திரன் - வைஜெயந்தி, விவேக் - ரூபலா என்று எல்லோருக்கும் பாதை போட்டுக் கொடுத்தவர்கள். மூன்று பேருமே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாதவர்கள்.

யாரை அழைக்கலாம்... யாரைக் கேட்க வேண்டும்?

இங்கே சட்டம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளுக்கு அவருடைய எழுத்தின் மீது வாரிசுகளுக்கு உரிமை உண்டு. அதன் பிறகு அது பொதுச்சொத்து.

ஆரணி குப்புசாமி முதலியார் மறைந்தது 1925-ல். வடுவூராரின் காலம் 1942-ல் முடிந்தது. ரங்கராஜு மறைந்தும் 60 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கோவிந்தன், ஆனந்தசிங், திகம்பர சாமியார் மூவரையும் ஒரே காமிக்ஸில் சந்திக்க வைக்க, யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. நெல்லையில் வரையத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி நாளைக்கே தொடங்கலாம்!

சங்கர்லால் கதை வேறு. தமிழ்வாணன் மறைந்தது 1977-ல். எனவே 2037 முடியும்வரை உரிமை குடும்பத்திடம்தான். மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் ரெபெல்லியனிடம் போக வேண்டும். இன்னொரு எச்சரிக்கை. நாவல்கள் பொதுச்சொத்து என்பதால், அவற்றுக்குப் பிற்காலத்தில் யாரோ வரைந்த படங்களோ, புதுப் பதிப்பில் எழுதிய முன்னுரையோ பொதுச்சொத்து ஆகிவிடாது. கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, முகத்தை நாமே வரைந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

1908... கோவிந்தன் யார் பக்கம்?

அனுமதி இருந்தால் போதுமா? மூன்று துப்பறிவாளர்களை ஒரு அட்டையில் நிற்கவைத்தால் அது குழு போட்டோ. அவர்கள் சந்திக்க வலுவான காரணம் வேண்டும். அந்தக் காரணம் நெல்லை வரலாற்றிலேயே இருக்கிறது.

'ராஜாம்பாள்' வந்த அதே 1908. மார்ச் 12-ம் தேதி வ.உ.சிதம்பரனார் கைது செய்யப்படுகிறார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளிக்கிறது. கடைகள் அடைக்கப்படுகின்றன. நகராட்சி அலுவலகம், காவல் நிலையம், அஞ்சல் அலுவலகம் தாக்கப்படுகின்றன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் பலியாகிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறக்கிறார். மாவட்டம் முழுக்கத் துப்பறிகிறார்கள், வீடு வீடாகத் தேடுகிறார்கள்.

துப்பறிதல் என்ற சொல்லுக்கே இரண்டு முகம் இருந்த காலம் அது. அப்பாவி மீது விழுந்த பழியைத் துடைக்கக் கோவிந்தன் துப்பறிவார், சரி. அவரிடமே அரசாங்கம் வந்து, 'கடை அடைக்கத் தூண்டியவர் யார் என்று கண்டுபிடித்துக் கொடு' என்று கேட்டால்? ஆனந்தசிங் சட்டம்தான் பெரிது என்று நின்று, திகம்பர சாமியார் காவியுடையில் கலவரக்காரர் ஒருவரை ஒளித்துவைத்தால்? மூவரும் ஒருவரையொருவர் துரத்த வேண்டிவந்தால்?

பழைய நாவல்கள் இந்தக் கேள்விக்குள் போகவில்லை. புதிய காமிக்ஸ் போகலாம். அந்தக் காலத்துப் பெண்கள் பெரும்பாலும் காப்பாற்றப்படுவதற்காகவே கதைக்குள் வந்தார்கள். இந்த முறை ராஜாம்பாளே ஒரு துப்பைக் கண்டுபிடிக்கட்டுமே! 'ஆல்பியன்' தன் நாயகர்களிடம் 'நாட்டுக்கு நீங்கள் ஏன் ஆகாமல் போனீர்கள்?' என்று கேட்டது. நம் நாயகர்களிடம் கேட்க 'நீங்கள் யாருக்காகத் துப்பறிந்தீர்கள்?' என்ற கேள்வி காத்திருக்கிறது.

களமும் ஓவியருக்குத் தீனி போடும். நெல்லையப்பர் கோயிலின் கல்தூண்கள், டவுன் ரதவீதிகள், சுலோச்சன முதலியார் பாலம், குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்துப் போகும் வெள்ளம், அகத்தியர் மலைக் காடு. லண்டனைப் பார்க்காமலே லண்டனைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் நாம். நம் ஊரையும் ஒரு தடவை கட்டம் கட்டமாகப் பார்த்தால் என்ன?

பலூனுக்குள் அடங்காத தமிழ்

காமிக்ஸ் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்த ஒரு சங்கடம் உண்டு. பேச்சு பலூன்கள் ஆங்கில வசனத்தின் அளவுக்கு வரையப்பட்டவை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அந்தச் சின்ன முட்டைக்குள் தமிழை அடைக்க, எழுத்தைச் சிறிதாக்க வேண்டும், இல்லையென்றால் வசனத்தை வெட்ட வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த நெருக்கடிக்குள்தான் வித்தை காட்டினார்கள். அவர்களுக்கு ஒரு சலாம்!

தமிழிலேயே பிறக்கும் காமிக்ஸுக்கு அந்தக் கட்டு இல்லை. வசனத்தை எழுதிவிட்டு, அதற்கேற்ற இடத்தை ஓவியரே விடலாம். அதைவிட முக்கியம், பாத்திரங்கள் தங்கள் ஊர் பேச்சைப் பேசலாம். "ஏ, என்னல இது! கையி மட்டும் தனியா பறந்து வருது!" என்று ரதவீதியில் ஒரு ஆச்சி கூப்பாடு போட்டால், மாயாவியே ஒரு நிமிடம் திகைத்து நிற்பார்.

செலவு? எழுத, வரைய, மை தீட்ட, வண்ணம் பூச, எழுத்துப் பொறிக்க என்று ஐந்தாறு பேர் பார்க்கும் வேலை இது. எடுத்த எடுப்பில் 150 பக்க வண்ண நூல் போட்டால் கைபொசுங்கும். எட்டுப் பக்கம், கறுப்பு வெள்ளை, ஒரு சின்னக் கதை என்று தொடங்கலாம். மாயாவியே கறுப்பு வெள்ளையில்தானே நம்மைக் கட்டிப்போட்டார்! பொருநை நெல்லை புத்தகத் திருவிழா மாதிரியான இடத்தில், ஒரு குழந்தை தன் காசில் வாங்கும் விலையில் அது கிடைக்க வேண்டும். பள்ளி நூலகங்களுக்குப் போக வேண்டும். வாசகர் கூட்டம் அங்கேதான் இருக்கிறது.

மறுபதிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அப்பாக்கள் தாராளமாக வாங்கட்டும், பத்திரப்படுத்தட்டும். அலமாரிக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, 'கசங்கிவிடும், தொடாதே' என்று பிள்ளையை விரட்டினால் மட்டும், 'ஆல்பியன்' கதையின் சிறையை நாமும் வீட்டுக்குள் கட்டுகிறோம் என்றுதான் அர்த்தம்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால், சின்ன வயதில் அவர்கள் விழுந்து விழுந்து படித்த நாயகன் யார் என்று கேளுங்கள். கன்னித்தீவு லைலாவோ, சங்கர்லாலோ, இரும்புக்கை மாயாவியோ, யாராவது ஒருவர் கட்டாயம் வெளியே வருவார். வரையத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நாயகன் இன்று வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் வந்து இறங்கினால் என்ன செய்வார் என்று கேளுங்கள். ஒரு பென்சிலும் நாலு வெள்ளைத் தாளும் போதும்.